மாதர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அம்மாவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் கோலப்போட்டி, மகளிர் தினம், ஆடிக் கூழ் மூன்றும் வழக்கம்போல நடந்தன. கண் பரிசோதனை முகாம் டாக்டர் வராததால் நடக்கவில்லை.

இனி தாய்ப்பால் வகுப்பு. "அங்கன்வாடியில் சொல்வதைத்தானே நாமும் சொல்லப்போகிறோம்?" என்று போன பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். முதல் மூன்று மாதம் அப்படித்தான் ஆனது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதலில் சுரக்கும் சீம்பால், ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொல்ல, கர்ப்பிணிகள் தலையாட்டினார்கள். குழந்தை வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைத்தார்கள், சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள். பெற்றவளைக் கேட்டால், "அத்தை சொல்லும்போது நான் என்னக்கா பேசுறது?" என்கிறாள்.

அதனால் சித்திரையிலிருந்து மாமியாரோ அம்மாவோ கூட வந்தே ஆகவேண்டும் என்று விதி வைத்தேன். செயற்குழுவைக் கேட்கவில்லையாம். கூட்டம் போட்டேனே! வந்தது நானும் பொருளாளரும்தான்.

கத்திரி வெயிலில் ஒரு பாட்டி, "நமக்கே நாக்கு வறளுது, பச்சப்புள்ளைக்குத் தண்ணி வேண்டாமா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு தண்ணீர்தான் என்றதை நம்பவில்லை. டீஸ்பூனில் தண்ணீர் எடுத்துக் காட்டினேன். முதல் நாள் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது இவ்வளவுதான். இதைச் சர்க்கரைத் தண்ணீரே நிரப்பிவிட்டால் குழந்தை எப்படிச் சப்பும், பால் எப்படி ஊறும் என்றேன். ஸ்பூனை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐப்பசியில் அவருக்குப் பேத்தி. "நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாம ஒண்ணுக்குப் போறா, பால் பத்துது" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று எனக்கே பாடம் எடுத்தார்.

எல்லா வீட்டிலும் இப்படி ஆகவில்லை. இரண்டு வீட்டில் பால் பவுடர் டின் வந்துவிட்டது. ஒருத்தி மூன்றாம் மாதமே ஜவுளிக்கடை வேலைக்குத் திரும்பினாள். பாலைப் பீச்சி வைக்கலாம் என்றேன். பீச்ச அங்கே மறைவான இடம் ஏது என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சரி, விவரம் பொருளாளரிடம். சுண்டல் செலவைப் பற்றி முணுமுணுப்பவர்களுக்கு: சுண்டல் இல்லாவிட்டால் மாமியார்கள் வரமாட்டார்கள். சந்தா மாதம் 30 ரூபாய். பதினோரு பேர் ஆடியிலிருந்து தரவில்லை. பெயர் படிக்கப்போவதில்லை, நோட்டு மேசைமேல் இருக்கிறது.

இடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் செவிலியருக்கும் நன்றி.

எனக்கு முட்டிவலி. அடுத்த ஆண்டு வேறு யாராவது பொறுப்பேற்றால் சந்தோஷம்தான். தை வகுப்புக்கு நான்கு கர்ப்பிணிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மாமியார்களோடு எட்டுப் பேர். பாய் மூன்றுதான் இருக்கிறது, அதிலும் ஒன்று கிழிசல்.

இப்படிக்கு,
செயலாளர்