ஃபேஸ்லிஃப்ட்ல எது பண்ணிக்கலாம்னு கேட்ட சித்திக்கு

அன்புள்ள சித்திக்கு,

ஃபேஸ்லிஃப்ட், அதான் தொங்கின முகத்தைத் தூக்கி இறுக்கற ஆபரேஷன், அதைப் பத்தி நீங்க வாட்ஸ்அப்ல அனுப்பினதெல்லாம் பார்த்தேன். ஒரு இடத்துல த்ரெட் லிஃப்ட் போதும்னு சொல்லியிருக்காங்க, இன்னொரு இடத்துல மினி ஃபேஸ்லிஃப்ட், மூணாவது இடத்துல டீப் பிளேன், மூணுக்கும் ரேட்டு எங்கயோ எங்கயோ நிக்குது, எதுக்குடி சரின்னு சொல்லட்டும்னு கேட்டிருக்கீங்க. ஃபோன்ல சொன்னா பாதி விட்டுப்போயிடும், அதோட இதே கேள்விய எங்க பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுக்கு வர்றவங்க நிறைய பேர் கேக்கறாங்க, அதான் இங்கயே எழுதறேன். உங்க பேர் எங்கயும் வராது.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு யார் பேசினாலும் நான் அவங்க கட்சி இல்ல. உங்க முகம், உங்க ஆசை. எனக்கு இருக்கற பயமெல்லாம் பேரைப் பார்த்து, ரேட்டைப் பார்த்து உங்களுக்கு ஒத்துவராத ஒண்ணை நீங்க பண்ணிக்கக்கூடாதுன்னுதான்.

முகம் தொங்கறதுன்னா தோல் மட்டும் தொங்கறதில்ல சித்தி. தோலுக்கு அடியில கொழுப்பு, அதுக்கும் அடியில ஒரு மெல்லிசான உறுதியான ஜவ்வு மாதிரி அடுக்கு இருக்கு, ஸ்மாஸ்னு சொல்வாங்க, அதுதான் கழுத்துல இறங்கி பிளாட்டிஸ்மாங்கற தசையோட சேருது. 1976ல மிட்ஸ், பெய்ரோனின்னு ரெண்டு பிரெஞ்சு டாக்டருங்க இந்த அடுக்கை விவரமா எழுதினாங்க, அதுக்கு முன்னாடி பெரும்பாலும் தோலை மட்டும் இழுத்து வெட்டித் தைக்கறதுதான் ஃபேஸ்லிஃப்ட். தோலுக்கு இழுவிசை தாங்காது, சீக்கிரமே திரும்பத் தளரும், தழும்பு அகலமாகும், காது மடல் கீழ இழுபட்டு கன்னத்தோட ஒட்டின மாதிரி ஆயிடும். புடவை கட்டறப்போ பாவாடை நாடா இறுக்கமா இருந்தாதானே கொசுவம் நிக்கும், புடவைய மட்டும் எவ்ளோ இழுத்துச் சொருகினாலும் நிக்காதே, அதே கதைதான். அதனால யாராவது ஃபேஸ்லிஃப்ட்னு சொன்னா முதல்ல கேக்க வேண்டியது, ஸ்மாஸை என்ன பண்ணுவீங்க டாக்டர்ங்கறது.

இப்ப த்ரெட் லிஃப்ட். தோலுக்கு அடியில கரையற நூலைக் கோர்த்து லேசா தூக்கறாங்க. பிடிஓங்கற வகை நூல் ஆறு மாசம் வாக்குல கரைஞ்சிடும், தூக்கினதும் ரொம்ப நாள் நிக்காது. லேசா தளர ஆரம்பிச்ச சின்ன வயசுக்காரங்களுக்கு வேணா பார்க்கலாம். உங்களுக்கு வேண்டாம், அந்தக் காசு வீண்.

மினி ஃபேஸ்லிஃப்ட்ங்கறது ஒரு குறிப்பிட்ட ஆபரேஷனோட பேரே இல்ல, கிளினிக்குக்குக் கிளினிக் அர்த்தம் மாறும். பொதுவா காதுக்கு முன்னாடி மட்டும் சின்னதா கிழிச்சு, ஸ்மாஸை தையல் போட்டு மேல தூக்கிக் கட்டுவாங்க, பெல்ஜியத்துல டொனார்டும் வெர்பேலும் கொண்டுவந்த மேக்ஸ் லிஃப்ட் இந்த வகைல நல்ல பேர் வாங்கினது. லோக்கல் அனஸ்தீசியாலயே நிறைய இடத்துல முடிச்சிடறாங்க, வீக்கமும் சீக்கிரம் வடியும். தாடை ஓரத்துல மட்டும் சதை இறங்கி கழுத்து நல்லா இருக்கறவங்களுக்கு இது நல்ல சாய்ஸ்தான். ஆனா நீங்க அனுப்பின போட்டோல எனக்குத் தெரியறதே கழுத்துதான் சித்தி, அந்த ரெண்டு நரம்பு மாதிரி நிக்குதே, அது நரம்பு இல்ல, பிளாட்டிஸ்மா தசையோட ஓரங்கள். அதை சரி பண்ண தாடைக்கு அடியில தனியா ஒரு சின்ன வெட்டு போட்டு ரெண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்கணும், காதுக்குப் பின்னாடியும் வெட்டு போகணும். மினிய பண்ணிட்டு கழுத்தை அப்படியே விட்டா முகம் ஒரு வயசு, கழுத்து ஒரு வயசுன்னு ஆயிடும்.

டீப் பிளேன் இப்ப ஃபேமஸ், இன்ஸ்டாகிராம் பூரா அதுதான், ஆனா புதுசு இல்ல, சாம் ஹாம்ராங்கற அமெரிக்க டாக்டர் 1990லயே இந்தப் பேர்ல எழுதிட்டாரு. இதுல தோலையும் ஸ்மாஸையும் பிரிக்காம, ஸ்மாஸுக்கு அடியில போய், அது எலும்போட பிடிச்சிக்கிட்டிருக்கற லிகமென்ட்டுங்கற கெட்டியான நார்ப் பட்டைங்கள விடுவிச்சு, மொத்தமா சேர்த்து தூக்கறாங்க. தோல்ல இழுப்பு விழாது, கன்னமும் நல்லா மேல வரும். ஆனா முகத்தை அசைக்கற நரம்புக்கு ரொம்பப் பக்கத்துல வேலை, நேரமும் கூட. கை பழகின டாக்டர்னா பயமில்ல, பழகாத கைனா நான் சரின்னு சொல்லவே மாட்டேன். நரம்பு லேசா அடிபட்டா வாய் ஒரு பக்கம் கோணும், பெரும்பாலும் சில வாரத்துல, மாசத்துல சரியாயிடும், நிரந்தரமா நிக்கறது அபூர்வம், ஆனா இல்லவே இல்லன்னு சொல்ற டாக்டரை நம்பாதீங்க.

டீப் பிளேன்தான் பெஸ்ட்டா, அதுக்குத்தான் இவ்ளோ காசான்னா, அமெரிக்காவுல ரெண்டு ஜோடி இரட்டைப் பிறவிங்களுக்கு நாலு பெரிய சர்ஜன்ஸ் ஆளுக்கொரு முறையில ஃபேஸ்லிஃப்ட் பண்ணி, 10 வருஷம் கழிச்சும் போட்டோ எடுத்து 2009ல வெளியிட்டாங்க, அந்த நாலு பேர்ல ஹாம்ராவும் ஒருத்தர். இதுதான் ஜெயிச்சதுன்னு அடிச்சு சொல்ற மாதிரி எதுவும் வரல. அதனால உங்களுக்கு என் பதில் இதுதான்: கழுத்தையும் சேர்த்துப் பண்ற முழு ஃபேஸ்லிஃப்ட், அதுல ஸ்மாஸைத் தோல்லேர்ந்து பிரிச்சு தனியா இறுக்கித் தைக்கற முறையா டீப் பிளேனாங்கறது அந்த டாக்டர் வழக்கமா எதைப் பண்றாரோ அதுவே இருக்கட்டும். எம்.சிஎச் இல்லன்னா டி.என்.பி பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சவரான்னு பாருங்க, நம்ம மாதிரி நிறத்துல, நம்ம வயசுல அவர் பண்ணினவங்க போட்டோ, ஒரு வருஷம் கழிச்சு எடுத்தது, கேட்டு வாங்கிப் பாருங்க. வாயைச் சுத்தி இருக்கற மெல்லிசு கோடு, கண்ணுக்குக் கீழ பை, கன்னத்து மங்கு, இதெல்லாம் எந்த ஃபேஸ்லிஃப்ட்லயும் போகாது.

எனக்கு இதைவிட உறுத்தறது வேற. உங்களுக்கு ரெண்டாவது காது குத்தினப்போ தழும்பு உருண்டையா தடிச்சு வளர்ந்து ஊசி போட்டுக் கரைச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அது கீலாய்டு. ஃபேஸ்லிஃப்ட்ல வெட்டு முழுக்க காதைச் சுத்தித்தான் வரும், அதனால கன்சல்டேஷன்ல வாயைத் திறந்து முதல்ல இதைச் சொல்லுங்க. ரிஸ்க் அதிகம், வேண்டாம்னு டாக்டர் சொன்னா அவர் நல்ல டாக்டர்னு அர்த்தம். பண்ணலாம்னு சொன்னா, நீங்க தூக்கிக் கொண்டை போடறவங்க, காதுக்குப் பின்னாடி தழும்பு எங்க வரும்னு கண்ணாடி வச்சு காட்டச் சொல்லுங்க.

அடுத்தது பிபி. ஃபேஸ்லிஃப்ட்ல அதிகமா வர்ற சிக்கலே உள்ள ரத்தம் கட்டிக்கறதுதான், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ள, பிபி ஏறினா அது கூடும். ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அப்பவே திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணும். அதனால ராத்திரி தங்கற வசதி இருக்கற ஆஸ்பத்திரியா இருக்கணும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எல்லாம் ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, ஹார்ட் டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் அவரைக் கேக்காம நிறுத்தாதீங்க.

தை மாசக் கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணணும்னா குறைஞ்சது மூணு மாசம் இடைவெளி விடுங்க. நீலம் பாய்ஞ்சது ரெண்டு மூணு வாரத்துல போயிடும், ஆனா காது ஓரம் மரமரன்னு இருக்கறது மாசக்கணக்கா இருக்கும், கனமான ஜிமிக்கி கொஞ்ச நாளைக்குக் கிடையாது. இன்சூரன்ஸ் வராது, காஸ்மெட்டிக்னு தள்ளிடுவாங்க, பில்லுக்கு மேல ஜிஎஸ்டியும் வரும், கொட்டேஷன்ல அது சேர்ந்திருக்கான்னு கேளுங்க.

கன்சல்டேஷனுக்கு நானும் வர்றேன் சித்தி. சனிக்கிழமையா அப்பாயிண்ட்மென்ட் போடுங்க, எனக்கு டியூட்டி இல்ல. அதுவரைக்கும் காலையும் சாயங்காலமும் பிபி பார்த்து ஒரு நோட்டுல எழுதி வைங்க, மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. எங்கயும் அட்வான்ஸ் மட்டும் கட்டிடாதீங்க.

அன்புடன்,
உங்க அக்கா பொண்ணு