பதினாறுக்குப் பிறகும் வீட்டிலேயே படிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

அவைத்தலைவருக்கும் உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாம். மாதச் சந்திப்புகளும் அருங்காட்சியகப் பயணங்களும் வழக்கம்போல் நடந்தன. விவரம் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் என் தொலைபேசி அதிகம் ஒலித்தது வேறொரு கேள்விக்காக. நம் பிள்ளைகளில் பலர் பதினாறைத் தாண்டுகிறார்கள். பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட் அதோடு நின்றுவிடுமா?

நிற்க வேண்டியதில்லை. பிள்ளை பதினாறு வயதை எட்டும் முன்பே வீட்டுக்கல்வி தொடங்கியிருந்து, அது தொடர்ந்தால், இருபது வயதுக்கு உட்பட்ட காலம் வரை இந்த உதவியைப் பெற வழியிருக்கிறது. 2025-26 நிதியாண்டில் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண்ட், மற்றப் பிள்ளைகளுக்குத் தலா 17.25 பவுண்ட் என்று இருந்தது. மூத்த பிள்ளை ஒருவருக்கே அந்த ஆண்டில் 1,350 பவுண்டுக்கு மேல் வந்தது. ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் வீட்டில் இது சின்னத் தொகை அல்ல.

பணம் நின்றுபோவது பெரும்பாலும் நாம் வாய் திறக்காததால்தான். பதினாறாம் பிறந்தநாளை அடுத்த ஆகஸ்ட் 31க்குப் பிறகும் படிப்பு தொடர்கிறது என்று நாம் தெரிவித்தாக வேண்டும். அதைக் கேட்டு முன்கூட்டியே கடிதம் வரும். நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் அந்தப் பழுப்பு உறை, பீட்சாக் கடை விளம்பரத் தாள்களுக்கு நடுவே பிரிக்கப்படாமலே கிடந்தது. நவம்பரில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் இரண்டு தவணை வரவில்லை என்று தெரிந்தது. அன்றே விண்ணப்பித்தார், பணம் வந்தது. இன்னும் தாமதித்திருந்தால் இழப்புதான். புதிய விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் வரைதான் பின்தேதியிட்டுத் தருவார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவியான யுனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பங்கள் அங்கேயும் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

வாரத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் படிப்பு இருக்க வேண்டும் என்பதும் விதி. பிள்ளை தனியே படிக்கும் நேரம் இதில் சேராது. ஓர் உறுப்பினர் தம் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். மகனோடு உட்கார்ந்து கணக்குப் போட்ட நேரம் நீல மையில், அவன் தனியே படித்தது பென்சிலில். வாரக் கடைசியில் நீலத்தை மட்டும் கூட்டி வட்டமிட்டிருந்தார். எல்லோரும் இன்றே இப்படி ஒன்றைத் தொடங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வுக் கட்டணம் நம்மைக் கடுமையாக அழுத்துகிறது. தனித்தேர்வர்களாக ஜிசிஎஸ்இ (பதினாறு வயதையொட்டிய பொதுத்தேர்வு), ஏ லெவல் (பதினெட்டு வயதையொட்டியது) எழுதும் பிள்ளைகளுக்குக் கட்டணம் முழுவதும் பெற்றோர் கையிலிருந்துதான் போகிறது. அறிவியல் பாடமென்றால் செய்முறைக்கு இடம் தரும் மையத்தைத் தேடி அலைவதும், அதற்குத் தனியாகக் கட்டுவதும் சேர்ந்துகொள்கின்றன. பதினாறிலிருந்து பத்தொன்பது வயதினருக்கான பர்சரி நிதி என்ற படிப்புச் செலவு உதவி, அரசு நிதி பெறும் பள்ளியிலோ கல்லூரியிலோ படிப்பவர்களுக்கே உரியது. ஆகவே நம் உதவி நிதியிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் கொடுத்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒரு குடும்பத்துக்கு மட்டும் நம்மால் எதுவும் செய்ய முடியவில்லை. பள்ளியில் தாங்க முடியாத தொல்லைக்கு ஆளான மகளை, பதினாறு முடிந்து இரண்டு மாதம் கழித்து, அவளுடைய தாய் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைத்தார். சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளை என்றால் பதினாறுக்குப் பிறகு தொடங்கினாலும் வழியுண்டு. இவளுக்கு அப்படி எதுவும் இல்லை. விதிப்படி பணம் கிடையாது. பதினெட்டு வயது வரை ஏதாவதொரு கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2015 முதல் அது முழுமையாக நடப்பில் இருக்கிறது. வீட்டுக்கல்வியும் அந்தக் கடமையை நிறைவேற்றும் வழிதான். அதே கடமையைச் செய்கிற பெண்ணை, வீட்டுக்கு வந்த தேதியைக் காட்டி ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தத் தாய் மாலைநேரத் துப்புரவு வேலைக்குப் போய்விட்டு வந்து, இரவு பத்து மணிக்கு மகளின் வேதியியல் விடைகளைத் திருத்துகிறார்.

இந்த விதியை மாற்றக் கோரி, அக்குடும்பம் வசிக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. கடித வரைவு வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கோடைத் தேர்வுக்கான பதிவு பிப்ரவரியில் முடிவதால், உதவி நிதிக்கான விண்ணப்பங்கள் டிசம்பருக்குள் என் கைக்கு வந்துசேர வேண்டும்.

இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்