தரங்கம்பாடியைச் சுற்றிக் காட்டும் தம்பி தங்கைகளுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை வெளியூர் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு டேனிஷ் கோட்டைக்கு வந்திருந்தேன். பக்கத்துக் கூட்டத்துக்கு உங்களில் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார், நானும் ஓசியில் கேட்டேன். நன்றாகத்தான் பேசினார். ஆனால் பக்கத்தில் எங்கள் ஊரான பொறையாருக்குத் திரும்பிய பிறகும் சில விஷயம் மனசில் நெருடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

தரங்கம்பாடி என்றால் 'பாடும் அலைகள்' என்று சொல்கிறீர்களே, அந்த வசனத்தை விட்டுவிடுங்கள். தரங்கம் என்றால் அலை, சரி. பாடி என்றால் ஊர், குடியிருப்பு. வாணியம்பாடியில் யார் பாடுகிறார்கள்? பழைய கல்வெட்டில் நம் ஊர் சடங்கன்பாடி. அப்புறம் இங்கே ஓசோன் காற்று வீசுகிறது, உடம்புக்கு நல்லது என்கிறீர்களே! ஓசோன் வானத்தில் மேலே இருந்தால்தான் நமக்கு நல்லது, மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சைக் கெடுக்கும். நல்ல கடற்காற்று என்று சொன்னாலே ஆட்கள் வருவார்கள்.

பெரிய குறை வேறு. 1620-ல் டென்மார்க்காரன் கப்பலில் வந்தான், தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார், கோட்டை கட்டினான் என்று ஆரம்பிக்கிறீர்களே, அதுவரை இங்கே வெறும் மணல்தானா? அங்கிருந்து திரும்பினால் கண்ணில் படுகிற மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. கோட்டைக்கு 300 வருஷம் மூத்தது. கடல் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது என்பதற்காகக் கதையிலிருந்தும் எடுத்துவிட வேண்டுமா?

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்தார், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார் என்கிறீர்கள், உண்மைதான். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் கேட்டாள், பதில் வரவில்லை. எழுபது வயது திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினாராம் பாதிரியார். இதைவிட நல்ல கதை கோட்டைக்குள் எது இருக்கிறது? ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்து பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால் சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். காகிதத்துக்கும் எங்கள் பொறையாரிலேயே பட்டறை போட்டார்கள். அந்த இடத்தை இன்னும் கடுதாசிப்பட்டறை என்றுதான் சொல்கிறோம். ஆட்டோவில் பத்து நிமிஷம்கூட ஆகாது, ஒருவரைக்கூட நீங்கள் கூட்டி வந்து நான் பார்த்ததில்லை.

கதையின் முடிவையும் சொல்லுங்கள். 1845-ல் டென்மார்க்காரன் வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து இந்த ஊரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றான். ஊரில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே இதுதான் தலைநகர், கலெக்டர் ஆபீஸ் இங்கேதான் இருந்தது. 1860-ல் அது தஞ்சாவூருக்குப் போனது, அடுத்த வருஷமே ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, சரக்கும் அந்தப் பக்கமே திரும்பிவிட்டது. உங்கள் விருந்தாளிகள் போட்டோ எடுத்துக்கொள்ளும் அமைதியான தெரு அப்படித்தான் அமைதியானது.

நமக்கு ரயில் 1926-ல்தான் கிடைத்தது. மாயவரத்தில் ஏறினால் செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று வரும். 1986-ல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது கோட்டையைவிடப் பெரிய வரலாறு, கொஞ்சம் ஓரவஞ்சனைதான், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த முறை யாராவது வந்தால் கோயில் வாசலில் ஆரம்பித்து, பழைய ஸ்டேஷன் இருந்த இடத்தில் முடியுங்கள். பொறையாரில் இறங்கினால் டீ என் கணக்கு.