நுகர்வோர் பாதுகாப்பு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் மன்றத்தின் மூத்தோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது மன்றத்தின் பணிகள் குறித்த அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு, டிசம்பர் மழையால் தடைப்பட்ட ஒரு மாதம் நீங்கலாக, மாதந்தோறும் கூடியது. எரிவாயு உருளையின் எடை, மின்கட்டணக் கணக்கீடு, நியாயவிலைக் கடை இருப்பு ஆகியவை பற்றி வந்த புகார்கள் வழக்கம்போல் உரிய அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டுப் பெரும்பாலும் தீர்ந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில் நாம் ஒருமனதாக எடுத்த முடிவின்படி, இவ்வாண்டு மன்றத்தின் நேரமும் உழைப்பும் பெரும்பகுதி உணவுப் பொருள்களில் சேர்க்கப்படுபவை பற்றிய அரசின் கண்காணிப்புக்கும், அந்தக் கண்காணிப்பின் முடிவுகளைப் பொதுமக்கள் அறியச் செய்வதற்குமே செலவாயின என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பணிக்கு நம்மைத் தூண்டியது பஞ்சுமிட்டாய். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், அதே மாதம் 17ஆம் தேதி தமிழ்நாட்டிலும், துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் ஏற்றப்படும் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது ஆய்வில் உறுதியானதால் பஞ்சுமிட்டாய் தடை செய்யப்பட்டது. அந்தத் தடை நம் மக்களிடம் விரைவாகச் சென்று சேர்ந்ததற்குக் காரணம், எந்தப் பொருளில் எந்தச் சாயம் என்று அரசு பெயர் சொல்லி அறிவித்ததுதான். பெயர் சொன்னதால் தாய்மார்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். பெயர் சொல்லப்படாத மற்றவற்றின் நிலை என்ன என்று அப்போது உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்விக்கு விடை தேடியே இவ்வாண்டு முழுவதும் நடந்தோம்.

ஜூலை மாதம், ஓய்வுபெற்ற ஆசிரியையான நம் உறுப்பினர் ஒருவர், தம் பேரனின் பள்ளிச் சட்டையைச் செயற்குழுவுக்கே எடுத்து வந்து காட்டினார். பையில் வைத்திருந்த தேன்மிட்டாயின் செம்மஞ்சள் சாயம், இரண்டு முறை சோப்புப் போட்டு வெளுத்த பிறகும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துணியில் நின்றிருந்தது. கறை படிந்தால் கலப்படம் என்று பலரும் நினைப்பதுண்டு; அது சரியான சோதனையாகாது. நம் நாட்டில் இனிப்புகளில் சேர்க்க டார்ட்ரசைன், சன்செட் யெல்லோ, கார்மோய்சின் உள்ளிட்ட எட்டுச் செயற்கை நிறமிகளுக்கு அனுமதி உண்டு, அவையும் கறை படுத்தும். கேள்வி, சேர்ந்திருப்பது அந்த எட்டில் ஒன்றா, ஆம் எனில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் இருக்கிறதா என்பதே. இதற்கு ஆய்வகம் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2011 ஆகஸ்ட் முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 40ஆவது பிரிவு, வாங்குகிற எவரும் தாம் வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதித்து அறிக்கை பெறலாம் என்கிறது. பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பரிசோதனைக்கு அனுப்பப் போவதை, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த நிபந்தனைக்கு அஞ்சியே பலர் இவ்வுரிமையைப் பயன்படுத்துவதில்லை. தெரிந்த கடைக்காரரிடம், தினமும் முகம் பார்ப்பவரிடம், எப்படிச் சொல்வது?

நானும் துணைச் செயலாளரும் பள்ளி முக்கிலுள்ள அந்தக் கடைக்குச் சென்று, "அண்ணாச்சி, இந்தத் தேன்மிட்டாயைப் பரிசோதனைக்கு அனுப்பப் போறோம், உங்ககிட்ட முதல்லயே சொல்லிடறோம்" என்று தயங்கித்தான் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "நல்லா அனுப்புங்க. நான் மட்டும் என்ன கிண்டியா போடுதேன், வாங்கித்தான விக்கேன்? என்ன சேர்க்கான்னு எனக்கும் தெரியணும்லா" என்றார். பெரிய பாலித்தீன் பையிலிருந்து அள்ளிக் கொடுத்தார். அந்தப் பையின் மீது தயாரித்தவர் பெயரோ, உரிம எண்ணோ, சேர்மானப் பட்டியலோ எதுவுமில்லை.

அறிக்கை வந்தது. நிறமி அனுமதிக்கப்பட்டதுதான், அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை மன்றம் பயன்படுத்தி, அத்தொகை நம் கணக்கில் வரவாகியுள்ளது. ஆனால் உறுப்பினர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நாம் அனுப்பியது நாம் அறிந்துகொள்வதற்கான மாதிரி. நடவடிக்கைக்கான மாதிரியை உணவு பாதுகாப்பு அலுவலர்தான் எடுக்க வேண்டும். அதை நான்கு பங்காகப் பிரித்து, முத்திரையிட்டு, ஒரு பங்கைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் வணிகர் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்போது, மாவட்ட அளவில் உணவு பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலர் வசமுள்ள பங்கு மேலாய்வகத்துக்குச் செல்லும். அதன் முடிவே இறுதியானது. நம் அறிக்கையை இணைத்து மனுக் கொடுத்த இரண்டாம் வாரமே அலுவலர் வந்து மாதிரி எடுத்தார். இதற்காக அவருக்கு மன்றத்தின் நன்றியைப் பதிவு செய்கிறேன். எத்தனை ஊர்களை அவர் ஒருவரே இருசக்கர வாகனத்தில் சுற்றி வருகிறார் என்பதை நேரில் பார்த்தவன் என்ற முறையில், அவர் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை.

குறை, மாதிரி எடுத்த பிறகு தொடங்குகிறது. அந்த மாதிரியின் முடிவு என்ன என்று கேட்டபோது, "நடவடிக்கையில் உள்ளது" என்ற வாய்மொழிப் பதிலே கிடைத்தது. ஆகவே அக்டோபரில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ், நம் வட்டத்தில் ஓராண்டில் எடுக்கப்பட்ட மாதிரிகள், அவற்றில் பாதுகாப்பற்றவை, தரமற்றவை, தப்புக்குறியீடுடையவை (உறைக் குறிப்பு தவறானவை) எவை, பொருளின் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் என்ன என்று கேட்டோம். பொதுத் தகவல் அலுவலர் சட்டப்படி 30 நாள்களுக்குள் பதில் அனுப்பினார். எண்ணிக்கைகள் மட்டும் இருந்தன. பெயர்கள், வணிக இரகசியம் தொடர்பான 8(1)(ஈ) பிரிவின்படியும், விசாரணைக்கு இடையூறு தொடர்பான 8(1)(ஏ) பிரிவின்படியும் மறுக்கப்பட்டன.

இதில் இரண்டாவது காரணத்தை நான் ஓரளவு ஏற்கிறேன். மேல்முறையீட்டுக் காலம் முடியுமுன் ஒருவர் பெயரை வெளியிட்டு, பிறகு மேலாய்வகம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னால், இழந்த பெயரை யார் மீட்டுத் தருவது? இந்தக் கோடையில் தர்பூசணியில் ஊசி மூலம் நிறம் ஏற்றப்படுவதாகப் பரவிய செய்தியை எல்லோரும் கேட்டோம். எந்தத் தோட்டம், எந்த மாதிரி, எந்த ஆய்வறிக்கை என்ற விவரம் எதுவும் உடன் வராததால், ஒரு குற்றமும் செய்யாத விவசாயிகளின் விளைச்சல் வயலிலேயே விலையிழந்தது. ஆதாரமற்ற அச்சுறுத்தல் தகவல் வெளியீடு ஆகாது என்பதை நம் மன்றமும் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நம் உறுப்பினர்கள் சிலரும் வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் சரிபாராமல் பகிர்ந்தவர்களே, நான் உட்பட.

முதலாவது காரணத்தை ஏற்பதற்கில்லை. மிட்டாயில் சாயம் அளவை மீறியிருப்பது எவருடைய தொழில் இரகசியமும் ஆகாது. அந்த 8(1)(ஈ) பிரிவே பெரும் பொதுநலன் இருந்தால் தகவலைத் தரலாம் என்று சொல்கிறது. உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவோ, ஓர் உணவு உடல்நலனுக்குத் தீங்காகலாம் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்குமானால், அது எந்த உணவு என்பதை இயன்றவரை அடையாளப்படுத்திப் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய உணவு பாதுகாப்பு ஆணையத்துக்கும் மாநில உணவு பாதுகாப்பு ஆணையருக்கும் கடமை விதிக்கிறது. மீண்டும் மீண்டும் குற்றம் செய்து தண்டிக்கப்பட்டவரின் பெயர், முகவரி, குற்றம், தண்டனை ஆகியவற்றை அவர் செலவிலேயே செய்தித்தாளில் வெளியிட 64ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பழைய 1954ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டத்திலும் இதற்கு இடமிருந்தது. இவற்றை எடுத்துக்காட்டி முதல் மேல்முறையீடு செய்ததில், மாவட்ட வருவாய் அலுவலர் முன் தீர்ப்பாகி அபராதம் விதிக்கப்பட்ட இனங்களின் பட்டியல் மட்டும் பொருள், பெயர் விவரங்களுடன் கிடைத்தது. நிலுவையிலுள்ளவை குறித்து, 90 நாள் கெடுவுக்குள், தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு தாக்கல் செய்யப்பட்டு விசாரணைக்குக் காத்திருக்கிறது.

இதற்கிடையே அந்த அண்ணாச்சி தேன்மிட்டாய் விற்பதை நிறுத்திவிட்டார். எதிர்ச்சாரியில் இருக்கும் மற்றொரு கடை அதே மொத்த வியாபாரியிடமிருந்து அதே பையை வாங்கி விற்கிறது. பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் சாலையைக் கடந்து அங்கே போகிறார்கள். "உங்களுக்கு உண்மையைச் சொன்னதுக்கு எனக்கு வியாபாரம் போச்சு" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆய்வு முடிவு கோப்புக்குள் கிடப்பதால் தப்புவது தவறு செய்தவர், நட்டப்படுவது ஒப்புக்கொண்டவர்.

அடுத்து, சிப்பத்தின் மேலுள்ள குறிப்புகள். சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும், நிறமி, பதப்படுத்தி போன்ற கூட்டுப்பொருள்களை அவற்றின் பெயராலோ பன்னாட்டு எண்ணாலோ குறிப்பிட வேண்டும் என்று விதிகள் உள்ளன. ஆனால் அந்தக் குறிப்புகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகள் விருப்பம்போல் கூடுதலாகச் சேர்க்கலாம் என்பதே 2020ஆம் ஆண்டின் குறியீட்டு ஒழுங்குமுறை. விளம்பர வாசகம் தமிழில் பெரிதாக இருக்கும்; சேர்மானம் ஆங்கிலத்தில் கடுகளவு இருக்கும். மகளிர் குழுக் கூட்டமொன்றில் பிஸ்கட் உறைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கச் செய்தோம். எழுத்தைக் கண்டுபிடித்தவர்களும் 319 என்ற எண்ணுக்கு வந்து நின்றுவிட்டார்கள். ஆகவே 102, 110, 122, 211, 319, 621 போன்ற அடிக்கடி காணும் எண்களுக்குத் தமிழில் பெயரும் பயனும் எழுதிய அட்டை ஒன்றை மன்றம் அச்சிட்டு வழங்கியது. எண் இருந்தாலே விஷம் என்று பொருளில்லை என்ற வரியை அட்டையின் தலைப்பிலேயே சேர்த்தோம்.

ஜனவரியில், அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எரித்ரோசின் என்னும் சிவப்பு நிறமிக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றபோது, நம் நாட்டில் 127 என்ற எண்ணோடு அது அனுமதிப் பட்டியலில் இருப்பது ஏன் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். ஆண் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், அந்நாட்டுச் சட்டத்தின் கண்டிப்பான ஒரு பிரிவின்படி அனுமதி நீக்கப்பட்டது. மனிதருக்கு அதே வழியில் தீங்கு நேர்வதில்லை என்றும் அந்நிர்வாகமே சொல்லியிருக்கிறது. உற்பத்தியாளர்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசமும் தந்திருக்கிறது. முடிவை விட, யார் மனுக் கொடுத்தார்கள், எந்த ஆய்வைப் பார்த்தார்கள், ஏன் இப்படி முடிவெடுத்தார்கள் என்பதைச் சாதாரண மக்கள் படிக்கும்படி வெளியிட்ட முறையே எனக்குப் பொறாமையாக இருந்தது.

உறையின் முன்பக்கத்திலேயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு பற்றிய எச்சரிக்கை இருக்க வேண்டும் என்ற வழக்கில், நிபுணர் குழு மூன்று மாதங்களுக்குள் பரிந்துரை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 9 அன்று உத்தரவிட்டுள்ளது. மத்திய ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வரைவில் முன்மொழியப்பட்ட, பொருளின் சத்துக்கேற்ப நட்சத்திரம் தரும் மதிப்பீட்டை நம் செயற்குழு ஏற்கவில்லை. சர்க்கரை மிகுந்த பொருளும் சிறிது நார்ச்சத்தைச் சேர்த்து நட்சத்திரம் ஏற்றிக்கொள்ள வழியிருக்கும் என்பதே நம் கருத்து. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை செய்ததை நம் ஊர் உணவகங்களுக்கு நேரில் சென்று தெரிவித்தோம்; இரண்டு இடங்களில் தடை பற்றிய செய்தியே அதுவரை சென்று சேரவில்லை.

வரும் ஆண்டுக்கென இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. முதலாவது: மேல்முறையீட்டுக் காலம் முடிந்த அல்லது மேலாய்வக முடிவு வந்த ஒவ்வொரு மாதிரியின் பொருள், தயாரிப்பாளர், தொகுதி எண், ஆய்வு முடிவு ஆகியவற்றை மாதந்தோறும் தமிழில் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பேரூராட்சி அலுவலகத்திலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி உணவு பாதுகாப்பு ஆணையரைக் கேட்டுக்கொள்வது. இரண்டாவது: தமிழ்நாட்டில் விற்கப்படும் சிப்பங்களில் சேர்மானப் பட்டியலைத் தமிழிலும் கட்டாயமாக்க மத்திய ஆணையத்துக்கு மனு அனுப்புவது. முதல் தீர்மானத்தை, தேன்மிட்டாய் விற்பதை நிறுத்திய கடைக்காரரே முன்மொழிய விரும்புவதாகத் தெரிவித்துள்ளார். அவர் இன்னும் உறுப்பினராகச் சேரவில்லை. சந்தாவை இன்று மாலையே செலுத்துவதாகச் சொல்லியிருப்பதால், அவரைப் பேச அனுமதிக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்