வேப்பமரம் துளிர்க்கும் நேரம்

மாசி 22

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். மார்ச் மாதத்தில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் தேர்வைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். தேர்வு அட்டவணையைப் பிள்ளைகளிடம் தனியாகக் கொடுத்து அனுப்புகிறோம். இது வேறு விஷயம்.

போன திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் ஓடி வந்தாள். "டீச்சர், நம்ம வேப்பமரம் செத்துப் போச்சா?" என்று கேட்டாள். கொடிக்கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறதே, அந்த மரம்தான். பத்து நாளாக இலையெல்லாம் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கவலைப்பட்டதில் தப்பே இல்லை. தாழ்வாக இருந்த ஒரு கிளையை வளைத்து அதன் நுனியைக் காட்டினேன். செம்பு நிறத்தில், நகம் அளவுக்குத் துளிர் விட்டிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, "இலைன்னா பச்சையாத்தானே இருக்கணும்?" என்றாள். மறுநாள் மூன்று தோழிகளோடு வந்து, எனக்கு முன்னால் அந்த மரத்தடியில் நின்றிருந்தாள்.

அவள் கேட்டது நல்ல கேள்வி. வேம்பு, அரசு, மா எல்லாவற்றுக்குமே இளந்தளிர் செம்மை படர்ந்துதான் வரும். தளிரில் பச்சையம் இன்னும் நிறையவில்லை. ஆந்தோசயனின் என்ற செந்நிறப் பொருள் இருக்கிறது. பிஞ்சு இலையைக் கடும் வெயிலிலிருந்து காப்பதில் அதற்குப் பங்கு உண்டு. சில நாட்களில் பச்சை ஏறிவிடும். அதனால்தான் இதை இப்போதே பார்க்கச் சொல்கிறேன். அடுத்த மாதம் வந்தால் பார்க்க முடியாது.

நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனால் மரங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. மழை நின்று இரண்டு மாதத்துக்கு மேலாகி, மண் காய்கிறது. பழைய இலைகள் வழியாக நீர் வீணாகாமல் மரம் அவற்றை உதிர்த்துவிடுகிறது. அப்புறம் தண்டில் சேர்த்து வைத்த நீரையும் ஆழத்து வேர் உறிஞ்சும் நீரையும் கொண்டு, ஒரு சொட்டு மழை இல்லாமலே புதிதாகத் துளிர்க்கிறது. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு இது இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது. "நம்ம ஊர்ல ஏது வசந்தம், வெயில்தான்" என்று நாமே பிள்ளைகள் காதுபடச் சொல்கிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்ல வேண்டாம்.

சென்ற பெற்றோர் கூட்டத்தில், சருகு குப்பையாகக் கொட்டுகிறது, கிளைகளைக் கழித்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். தினமும் கூட்டுகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போது வெட்டினால் இந்த ஆண்டு பூ இருக்காது. சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் போடும் வேப்பம்பூவைப் பிள்ளைகள் மரத்தில் பார்த்ததே இல்லை என்று ஆகிவிடும். மரத்தை விட்டுவிடுங்கள். சருகைத் தோட்டத்துக் குழியில் போட்டு மட்க வைக்கிறோம், எரிக்க மாட்டோம்.

அப்புறம் குயில். நான்கைந்து நாளாக விடியற்காலையில் கூவுகிறது, கேட்டிருப்பீர்கள். கூவுவது ஆண். உடல் முழுக்கக் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருப்பதால் பலரும் அதை வேறு பறவை என்று நினைத்துவிடுகிறார்கள். குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும். ஆகவே குயில் கூவத் தொடங்கினால், காக்கை சுள்ளி பொறுக்குகிறதா என்று பிள்ளையோடு சேர்ந்து கவனியுங்கள். கூட்டைத் தேடி மரம் ஏற மட்டும் விட வேண்டாம்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் என்ற பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் இப்படிக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். முதல் பூ, முதல் இலை, முதல் குயிலோசை (அங்குள்ள குயில் வேறு வகை) என்று 27 அடையாளங்கள். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதை 1958 வரை எழுதினார்கள். தட்பவெப்பம் மாறும்போது மரங்களும் பறவைகளும் எப்படி மாறுகின்றன என்று ஆராய்கிறவர்களுக்கு இன்று அது பெரிய சொத்து. அதை எழுதுவதற்கு ஒரு நோட்டும், நாள் தவறாமல் பார்க்கும் கண்ணும் போதுமானதாக இருந்தன.

நான் உங்களிடம் கேட்பதும் அவ்வளவுதான். தெருவிலோ கோயிலிலோ வயல் வரப்பிலோ உள்ள ஒரே ஒரு மரத்தை உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். வாரம் ஒருநாள், வெயில் தாழ்ந்த பிறகு பத்து நிமிடம் கூடப் போய் நில்லுங்கள். தளிர், மொட்டு, பூ, பிஞ்சு ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று தேதி போட்டு எழுதினால் போதும். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். மரத்தின் பெயர் உங்களுக்குத் தெரிந்து எங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தாத்தா பாட்டியைக் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரையே எழுதச் சொல்லுங்கள். தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் இந்தப் பத்து நிமிடத்தால் மதிப்பெண் குறையாது.

நோட்டு இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கொடுக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் மதிய உணவுக்குப் பிறகு மரத்தடியில் உட்கார்ந்து எல்லாருடைய குறிப்பையும் படிக்கப்போகிறோம். அந்த நேரத்தில் வேலை இல்லாத பெற்றோர் யாராக இருந்தாலும் வந்து கூட உட்காரலாம். புங்கமரம் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது. அது எந்த நாளில் துளிர்க்கும் என்று ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு தேதி சொல்லிக் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பங்குனி 3 என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்