சருகுக்குத் தீ வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலை உதிரும் பருவம் வந்துவிட்டால், கூட்டிக் குவித்த இடத்திலேயே சருகைக் கொளுத்திவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. 'காய்ந்த இலைதானே, எரிந்தால் என்ன?' என்று கேட்பவர்கள் அந்தக் குவியலின் அடியைப் பார்க்க வேண்டும். மேலே உள்ள சருகு மொறுமொறுவென்று இருக்கும். அடியில் ஈரம் இருக்கும், காற்று புகாது. அதனால் அது நின்று எரியாமல் மணிக்கணக்கில் கனன்று புகையும். இப்படிப் புகையும்போதுதான் கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் அடிவரை இறங்கும் நுண்துகளும் மிகுதியாகக் கிளம்புகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் இதில் படும் பாடு கொஞ்சமல்ல.

புகையோடு போவது எது என்பதையும் சொல்ல வேண்டும். இலையை உதிர்ப்பதற்கு முன் மரம் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரண்டிலும் ஏறக்குறையப் பாதியைத் தண்டுக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச்சத்தை அப்படி இழுக்க முடியாது. வேர் ஆழத்திலிருந்து உறிஞ்சி மேலே அனுப்பிய அந்தச் சத்து, சருகு மக்கினால்தான் மேல்மண்ணுக்கு ஒழுங்காகத் திரும்பும். தீ வைத்தால், எஞ்சியிருந்த தழைச்சத்தில் பெரும்பகுதியும் மண்ணுக்கு உணவாக வேண்டிய கரிமப்பொருளும் காற்றில் கலந்துவிடும். சாம்பலில் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் மிஞ்சுவது உண்மைதான். ஆனால் அவை ஒரே இடத்தில் குவிந்து அங்குள்ள மண்ணின் காரத்தன்மையை ஏற்றும், அல்லது முதல் மழையில் கரைந்து ஓடிவிடும்.

பல மாதங்கள் கலைக்காத மரத்தடிச் சருகில் இரண்டு கை அள்ளி ஒரு வெள்ளைத் தாளில் உதறிப் பாருங்கள். மேலே முழு இலை. அடுத்து, நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையான இலை. அதற்கும் அடியில், மழைக்குப் பின் எழும் மண்வாசத்தோடு கரும்பழுப்புப் பொடி. தாளில் வெண்புள்ளிகள் துள்ளினால் அவை ஸ்பிரிங்டெயில்கள் எனும் மிகச் சிறிய உயிரிகள். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டை போன்ற உறுப்பைத் தரையில் அடித்துத்தான் அவை எகிறுகின்றன. மரவட்டையும் இருக்கும். பெரும்பாலான உடல் வளையங்களில் இரண்டு ஜோடிக் கால் இருந்தால் மரவட்டை, செத்த இலையைத் தின்பது. ஒரு ஜோடி மட்டும் இருந்தால் பூரான், வேட்டையாடுவது. இரண்டையும் ஒன்றென எண்ணி நசுக்கிவிடுகிறோம். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டுவது இவற்றைத் தேடித்தான். பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு மரத்தடியும் போதும்.

சருகைப் பயன்படுத்த எளிய வழி மூடாக்கு. செடி, மரங்களைச் சுற்றி 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பலாம். தண்டிலிருந்து 15 செ.மீ. தள்ளியே பரப்ப வேண்டும். ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும். மக்காத சருகை மண்ணுக்குள் புதைத்துக் கொத்திவிடுவதும் தவறு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளடிக்கும். மேலே பரப்பினால் இந்தச் சிக்கல் பெரிதாக வராது. நோய் கண்ட செடியின் இலைகளை மட்டும் மூடாக்கில் சேர்க்காதீர்கள்.

சருகு நிறைய இருந்தால், அதை மக்கவைக்கக் கம்பிவலைக் கூண்டு சிறந்தது. 1 மீட்டர் உயரமுள்ள வலையில் 3.25 மீட்டர் நீளம் வெட்டி, இரு முனைகளையும் சேர்த்துக் கட்டினால் 1 மீட்டர் அகலக் கூண்டு கிடைக்கும். இதைவிடச் சிறிதாக இருந்தால் சூடு தங்காது. மண்தரையில், சுவரிலிருந்து 1 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். சருகை மட்டும் நிரப்பி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், பூஞ்சைகள் மெல்ல வேலைசெய்து 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் மக்கிவிடும். விரைவாக வேண்டுமானால், கொள்ளளவில் மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பச்சைத்தழை, காய்கறிக் கழிவு அல்லது சாணம் என்று அடுக்கடுக்காகப் போட்டு நனையுங்கள். சில நாட்களில் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சில நிமிடம் கழித்து உருவினால், கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கும். வாரம் ஒருமுறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் மக்கும். அதன்பின் ஒரு மாதம் ஆறவிட வேண்டும்.

பெரும்பாலான கூண்டுகள் தோற்றுப்போவது தண்ணீரில்தான். சருகு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்போது, மேலே ஊற்றும் தண்ணீர் ஓட்டுக்கூரையில் வழிவதைப் போல விளிம்பு வழியாக ஓடிவிடும். மேலே ஈரமாகத் தெரியும். உள்ளே காய்ந்தே கிடக்கும். எறும்பு குடியேறினால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஆகவே சருகைச் சாக்கில் போட்டு மிதித்து நொறுக்கி, ஓர் இரவு தொட்டியில் ஊறவைத்து அடுக்குங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். தாரையாக வழிந்தால் ஈரம் அதிகம். காற்றில்லாமல் அழுகிய முட்டை நாற்றம் வரும். புரட்டிவிட்டுக் காய்ந்த சருகைச் சேர்த்தால் சரியாகும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சைக்கழிவு மிஞ்சிவிட்டது. அதற்கும் சருகே மருந்து. வெள்ளை நூல் போலப் படர்வது பூஞ்சை, அஞ்ச வேண்டாம். ஆனால் தென்னை உள்ள இடத்தில் மக்குக்குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புரட்டும்போது சுருண்டு கிடக்கும் பருத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அகற்றிவிடுங்கள். கையுறை அணிந்து, மூக்கில் துணி கட்டி, முதலில் ஒரு கோலால் கிளறிவிட்டே கையை வையுங்கள்; தேள், பாம்பு ஒதுங்கியிருக்கலாம்.

தீ வைப்பதற்குத் துப்புரவுப் பணியாளர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறோம். சருகைக் கொட்ட இடம் தருவதில்லை. நடைபாதையிலும் வடிகால் ஓரத்திலும் கூட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வடிகால் அடைத்து மழைநீர் தேங்கும். மரத்தடி மண்ணைக் கூட்டச் சொல்லாமல் விட்டாலே அவர்கள் வேலையில் பெரும் பளு குறையும். கூட்டிய சருகைப் பிளாஸ்டிக்கோடு கலக்காமல் தனியாக எடுக்க, பள்ளிகளும் பூங்காக்களும் குடியிருப்புகளும் இரண்டிரண்டு கூண்டுகளாவது அமைத்துத் தர வேண்டும். ஒன்று மக்கிக்கொண்டிருக்கும்போது, அடுத்து விழும் சருகுக்கு மற்றது திறந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்