லேசான சிஸ்டம் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"அக்கா, லுபுண்டுவும் கனமாகிவிட்டது. பப்பி லினக்ஸ் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாய். இரண்டுமே விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லேசான லினக்ஸ் சிஸ்டங்கள், லுபுண்டு உபுண்டு குடும்பத்தைச் சேர்ந்தது. போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும், அதனால் எழுதுகிறேன். பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பை இன்றும் விடாமல் வைத்து வேலை பார்க்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

போடாதே. பப்பி மோசமான சிஸ்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. உன் மெஷின் திணறுவதற்குக் காரணம் லுபுண்டு இல்லை.

நீ சொல்வதிலும் உண்மை இருக்கிறது. லுபுண்டு முன்பு எல்எக்ஸ்டிஇ என்கிற டெஸ்க்டாப்பில் (திரையில் தெரிகிற மெனு, விண்டோக்களை எல்லாம் தருகிற பகுதி) ஓடியது. தைவான்காரர் ஹாங் ஜென் யீ 2006இல் தொடங்கிய திட்டம் அது. 2018 அக்டோபரில் வந்த 18.10 பதிப்பிலிருந்து லுபுண்டு எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப்புக்கு மாறியது. மிகப் பழைய மெஷின்களுக்காக மட்டுமே இனி உழைக்கப் போவதில்லை என்று அதை உருவாக்குகிறவர்களே அந்த வருடம் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆக, கொஞ்சம் எடை கூடியது நிஜம்தான். ஆனால் உன்னை நிற்க வைப்பது அந்தக் கொஞ்சம் இல்லை.

உன் லேப்டாப்பில் 2 ஜிபி ராம். லுபுண்டு ஏறி நின்றதும் எதையும் திறக்காமல் பார்த்தால் அரை ஜிபியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ போயிருக்கும். பப்பி போட்டால் அதில் பாதி மிச்சமாகலாம். அப்புறம் என்ன செய்வாய்? ஃபயர்ஃபாக்ஸைத் திறப்பாய். ஒரு டேபில் ஜிமெயில், இன்னொன்றில் யூடியூப், அடுத்ததில் கூகுள் டிரைவ், அதற்கும் அடுத்து வாட்ஸ்அப் வெப். இவை எந்த சிஸ்டத்தில் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு ராம்தான் கேட்கும். வண்டியை லேசாக்கி என்ன, ஏற்றுகிற மூட்டை அதேதானே.

மெஷின் உறைந்துபோகும் அந்த நிமிடத்தைக் கவனித்திருப்பாய். மவுஸ் அம்பு முதலில் விட்டு விட்டு நகரும், பிறகு நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். கீபோர்டில் எதைத் தட்டினாலும் பதில் வராது. ராம் நிரம்பிவிட்டதால் சிஸ்டத்தின் மையமான கெர்னல் தன்னிடம் இருப்பதைத் துண்டு துண்டாக ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, உடனே மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கும் நேரம் அது. சுற்றுகிற தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுப்பது ராமோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவான வேலை. நீ பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைக்கிறாய், பாதி தட்டிய கேள்வித்தாள் போய்விடுகிறது. இது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பிள்ளைகளுக்காகத் தயாரிப்பது அது.

இதற்கு இரண்டு சின்ன நிரல்கள் போதும். ஒன்று ஜிராம். ராமிலேயே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அப்போதைக்குத் தேவைப்படாததைச் சுருக்கி அங்கேயே வைத்திருக்கும். டிஸ்க்குக்கு ஓடுவது வெகுவாகக் குறையும். இன்னொன்று எர்லிஊம். ராம் முழுதும் தீர்ந்து எல்லாம் உறைவதற்கு முன்பே, அதிகம் தின்கிற ஒன்றை மூடிவிடும். பெரும்பாலும் அது பிரவுசரின் ஒரு டேபாக இருக்கும். டேப் போனால் திரும்பத் திறந்துகொள்ளலாம். நிறுவுவதற்கான கட்டளைகளைத் தனியாக மெசேஜில் அனுப்புகிறேன், அப்படியே ஒட்டினால் போதும்.

பிரவுசரிலும் ஒரு வேலை இருக்கிறது. உபுண்டு 22.04இலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்கிற, தனக்கு வேண்டியதையெல்லாம் உள்ளேயே கட்டிக்கொண்டு வரும் பொதி வடிவில் வருகிறது. ஹார்ட் டிஸ்க் மெஷினில் அது முதல் தடவை திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டே வந்துவிடலாம் என்று நீயே சொன்னாய். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்குகிற மொசில்லா 2024 ஜனவரியிலிருந்து உபுண்டுவின் வழக்கமான பொதியான டெப் வடிவத்தைத் தானே நேரடியாகத் தருகிறது. அதற்கு மாறிவிடு. கையோடு விளம்பரங்களைத் தடுக்கிற யூபிளாக் ஆரிஜினையும் போட்டுவிடு. செய்தித் தளங்களில் விளம்பரங்கள் தின்கிற ராம் கொஞ்சநஞ்சம் இல்லை.

பப்பியைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003இல் தொடங்கியது அது. ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்ட மெஷினில் பென் டிரைவிலிருந்து ஏற்றி, உள்ளே இருக்கிற போட்டோக்களையும் ஃபைல்களையும் மீட்க எனக்கு அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. ஆனால் வழக்கமாக அதில் எல்லாமே ரூட் பயனராகத்தான், அதாவது எதையும் மாற்ற முழு அதிகாரம் உள்ளவராகத்தான் ஓடும். பேங்க் பாஸ்வேர்டு தட்டுகிற மெஷினில் தினமும் அப்படி ஓடுவதை நான் விரும்ப மாட்டேன். தமிழ்த் தட்டச்சையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். இன்னொன்றையும் கவனி. இன்னும் லேசானது வேண்டும் என்று தேடிப் போகிறவர்கள் பல நேரம் பழைய பிராசசர்களுக்கான 32 பிட் பதிப்பில் போய் நிற்கிறார்கள். 32 பிட் லினக்ஸுக்கு குரோம் 2016இலேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 2025 அக்டோபரில் வந்த 144ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. உன்னுடையது 64 பிட் பிராசசர். அதை 32 பிட்டில் ஓட்டி நீயாகவே பிரவுசரை இழக்காதே.

சரி, தமிழ்த் தட்டச்சுக்கு வருகிறேன். லேசான டெஸ்க்டாப்பில் நம்மை அதிகம் அலைக்கழிப்பது இதுதான், ஆனால் யாரும் பொறுமையாகச் சொல்லித் தருவதில்லை.

நீ கீபோர்டு செட்டிங்ஸில் போய் தமிழ்நெட் 99 (தமிழ் 99 விசைப்பலகை) என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். அதனால்தான் "புள்ளி தானாக விழவில்லை" என்கிறாய். அந்தப் பட்டியலில் இருப்பது வெறும் விசைப்பலகை வரைபடம். ஒரு விசையைத் தட்டினால் ஒரு எழுத்து, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தமிழ் 99இன் அழகு அதன் விதிகளில் இருக்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் முதல் மகரத்துக்குத் தானே புள்ளி வைத்து அம்மா என்று கொடுக்க வேண்டும். ங-வுக்குப் பின் க வந்தால் ங்க ஆக வேண்டும். இதைச் செய்ய உள்ளீட்டு நிரல் ஒன்று நடுவில் தேவை. ஃபிசிட்எக்ஸ் 5 என்கிற அந்த நிரல், அதற்குத் தமிழ் 99 விதிகளைத் தருகிற எம்17என் தொகுப்பு, இரண்டையும் நிறுவு. பிறகு உள்ளீட்டு முறைகளில் தமிழ் 99ஐச் சேர்த்துவிட்டு, கீபோர்டு செட்டிங்ஸில் சேர்த்த பழையதை நீக்கிவிடு. இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒன்றை ஒன்று குழப்பும்.

அதன் பிறகும் ஆவணம் தட்டுகிற லிப்ரே ஆபீஸில் தமிழ் வருகிறது, வேறொன்றில் வரவில்லை என்றால் பயப்படாதே. உபுண்டு குடும்பத்தில் ஐஎம் கான்ஃபிக் என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் ஃபிசிட்எக்ஸைத் தேர்வு செய்து, லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வா. வெறுமனே விண்டோவை மூடித் திறந்தால் போதாது. பலர் தோற்றுப்போவது இந்த ஒரு படியில்தான்.

கேள்வித்தாள் விஷயம். பள்ளியில் சக ஆசிரியர் விண்டோஸில் லதா எழுத்துருவில் தட்டி அனுப்பியது இரண்டு பக்கம், உன்னிடம் திறந்தால் மூன்றாவது பக்கத்தில் நாலு வரி வழிகிறது. லதா, நிர்மலா யூஐ எல்லாம் மைக்ரோசாஃப்ட் தன் சிஸ்டத்தோடு தருகிற எழுத்துருக்கள். அவை உன்னிடம் இல்லாததால் லிப்ரே ஆபீஸ் வேறொன்றை வைத்து நிரப்புகிறது. அதன் எழுத்து அகலமும் வரி உயரமும் வேறு, பக்கம் தள்ளத்தான் செய்யும். இரண்டு பேரும் ஒரே இலவச எழுத்துருவுக்கு வந்துவிடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக இருக்கும், மீரா இனிமையும் அச்சில் தெளிவாக விழும். இரண்டையும் விண்டோஸிலும் போட்டுக்கொள்ளலாம்.

லிப்ரே ஆபீஸில் இன்னொரு இடமும் உண்டு. எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறவே இல்லை என்று முன்பு ஒருமுறை எரிச்சலோடு பேசினாய். லிப்ரே ஆபீஸ் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு என்ற வகையில் வைத்து, அதற்கென்று தனி எழுத்துருவும் தனி அளவும் வைத்திருக்கிறது. ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் அந்த வகையை இயக்கிவிட்டால், எழுத்துரு மாற்றும் பெட்டியில் தமிழுக்கென்று இன்னொரு கட்டம் தெரியும். அங்கே மாற்று.

பழைய வாத்தியார்கள் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் தட்டிய தாள்கள் உன்னிடம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிவது சிஸ்டத்தின் கோளாறு இல்லை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், மேலே போர்த்திய வடிவம் மட்டும் தமிழ். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள். ஒரே தடவை செய்கிற வேலை, பிறகு எந்த மெஷினிலும் படிக்கலாம், உள்ளே தேடவும் முடியும்.

பிரிண்டர். இங்கே உனக்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. உன்னிடம் இருக்கிற சின்ன லேசர் பிரிண்டர் பக்கத்தைத் தானே வரைந்துகொள்ளத் தெரியாத வகை. எல்லா வேலையையும் கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவரிடம் தள்ளிவிடும். அந்த நிறுவனம் லினக்ஸுக்கு ஒழுங்கான டிரைவர் தராமல் விட்டதால், பிரிண்ட் எடுக்க மட்டும் நீ பழைய விண்டோஸ் 7க்குள் போய் வருகிறாய். அங்கே போனால் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கி நிற்பதற்கும் காரணம் உண்டு. லுபுண்டு மதர்போர்டு கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லுபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, அதையும் அனுப்புகிறேன். ஆனால் விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதை நெட்டில் இணைக்காதே.

அதைவிட, லுபுண்டுவிலேயே பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள். பிடிஎஃபில் எழுத்துருவும் கூடவே போய்விடுவதால் ஒரு எழுத்துகூடக் கலையாது. அடுத்த பிரிண்டர் வாங்கும்போது பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார். அந்த வகை பெரும்பாலும் டிரைவர் எதுவும் இல்லாமலே லினக்ஸில் ஓடும்.

டச்பேடில் தட்டினால் கிளிக் ஆகாதது, மூடியை மூடினால் தூங்காதது எல்லாம் செட்டிங்ஸில் ஐந்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சேர்ந்து பார்ப்போம்.

இவ்வளவும் செய்தாலும் 2 ஜிபி 2 ஜிபிதான். உனக்கு உண்மையில் தேவை ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுற்றுகிற தட்டு இல்லாத ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு ராமும். நீ சிஸ்டம் மாற்றி மாற்றிப் போடுகிற நேரத்துக்கு அந்தச் செலவு எவ்வளவோ மேல். சென்னை ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 வகை ராம் இன்னும் கிடைக்கிறது, நானே வாங்கி அனுப்புகிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திற. ராம் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பிசி3 என்று இருக்கிறதா, பிசி3எல் என்று இருக்கிறதா பார். முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். எல் வகை பொதுவாக இரண்டிலும் ஓடும், ஆனால் எல் மட்டுமே ஏற்கிற போர்டில் சாதா வகையைப் போட்டால் மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. பக்கத்தில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா